பனிமலையில் முப்பத்தோராம் நாள்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடை வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. 'அப்பா, உங்கட சப்பாத்து அளவு என்ன? உயரம்? நிறை?' அவளுக்குத் தமிழ் எழுத வராது. பிரெஞ்சு எழுத்துகளில் தமிழை அடித்து அனுப்புவாள். நானும் அப்படியே பதில் அனுப்பினேன். நாற்பத்தொன்று. ஐந்தடி ஐந்து. நிறை தெரியாது.

சிறிது நேரத்தில் அடுத்த செய்தி. 'நிறை கட்டாயம் வேணும்.'

கடையில் மரக்கறி நிறுக்கும் தராசு இருக்கிறது. அரிசி மூட்டை நிறுக்கும் பெரிய தராசும் இருக்கிறது. அதில் ஏறி நின்று பார்த்து எழுபத்தொன்று என்று அனுப்பினேன். சட்டை தைக்கவா, காப்புறுதிப் படிவம் நிரப்பவா என்று யோசித்தபடியே பின்னேரம் வரை வேலை செய்தேன்.

பாரிஸின் புறநகரான ஸ்தேனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது விஷயம் தெரிந்தது. ஆரபி மடிக்கணினியை மேசையில் விரித்து வைத்திருந்தாள். திரையில் வெள்ளை வெளேரென்று ஒரு மலை. மலையெங்கும் நூல் கட்டியதுபோல் கம்பிகள், கம்பிகளில் தொங்கும், ஆட்கள் இருந்து போகும் கதிரைகள், அடிவாரத்தில் மரவீடுகள்.

"வக்கான்ஸுக்குப் போறம் அப்பா. மூண்டு பேரும். ஒரு கிழமை. எங்கட வேலைத்தலத்துச் சங்கத்தாலை அப்பார்த்மோன் கிடைச்சிருக்கு."

வக்கான்ஸ் என்றால் விடுமுறை. ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெப்ரவரியில் இங்கே பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு கிழமை விடுமுறை. இயன்ற பிரெஞ்சுக் குடும்பங்கள் அந்த நாள்களில் பனிமலைக்குப் போவார்கள். கால்களில் நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவார்கள். அதற்கென்றே மலைகளில் பெரிய ஊர்கள் உண்டு. கோடையில் அவற்றில் ஆளே இருக்காது. குளிர்காலத்தில் திருவிழாக் கூட்டம். எங்கள் ஆட்களில் போகிறவர்கள் குறைவு. எங்களுக்கு விடுமுறை என்றால் லண்டனில் கல்யாணம், சுவிஸில் சாமத்தியச் சடங்கு, கடைசியில் ஊர்.

"எந்த இடம்?" என்று கேட்டேன்.

அவள் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கேட்டதும் தோளில் கிடந்த பையைக் கூடக் கழற்றாமல் நின்றது நினைவிருக்கிறது.

"அந்தக் கிழமை அப்புவின்ரை திவசம். நான் வர ஏலாது" என்றேன்.

2

அப்பு என்று ஆரபி சொல்வது என் அப்பாவை. அவள் அவரைப் பார்த்ததில்லை. வரவேற்பறையில் ஒரு படம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதற்கு மாலை போட்டுப் படைத்து, நான் கோயிலுக்குப் போய் ஐயரிடம் பெயர் கொடுத்து வருவேன். தை முடிந்து மாசி பிறக்கும் நாள்களில் அவருடைய திதி வரும். ஆகவே நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

என் மனைவி வசந்தி இதைச் சுலபமாகத் தீர்த்துவிட்டாள். கோயிலுக்கு ஒரு போன் எடுத்தாள். பிரயாணம் என்றால் அதற்கு முன்னரே ஒரு நாளில் செய்யலாம், இல்லாவிட்டால் வந்து அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார்.

"இஞ்சாருங்கோ, ஐயரே சொல்லிப்போட்டார். பிறகென்ன?"

"எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது."

"முப்பது வருசமா இந்தக் குளிருக்குள்ளைதானே இருக்கிறியள்?"

"எனக்கு விருப்பமில்லை எண்டால் விடுங்கோவன்."

ஆரபி மடிக்கணினியை மூடினாள். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். பிரெஞ்சில், என்னைப் பார்க்காமல், மூடிய கணினியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஒன்பது வயசில் பள்ளிக்கூடத்திலிருந்து பனி வகுப்புக்குக் கூட்டிப்போனார்கள். வகுப்பில் இருபத்தாறு பேர். நீங்கள் மட்டும் கையெழுத்து வைக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க நான் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில், கடைசி வாங்கில் இருந்து படம் கீறினேன். தடிமன் காய்ச்சல் வரும் என்று சொன்னீர்கள். இப்போதும் குளிர் என்று சொல்கிறீர்கள்."

அந்தப் படிவம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மஞ்சள் தாள். கீழே பெற்றோர் கையொப்பத்துக்குக் கோடு. ஆசிரியை இரண்டு தரம் வீட்டுக்குக் கடிதம் அனுப்பினார். உதவித்தொகை உண்டு, உடுப்பு இரவல் தரலாம் என்றெல்லாம் எழுதியிருந்தார். எங்களிடம் வசதி இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆரபிக்கு இப்போது இருபத்தைந்து வயது. சித்திரையில் லியோனுக்கு மாற்றலாகிப் போகிறாள். அங்கே தனியாக வீடு பார்த்துவிட்டாள். அதனால்தான் இந்த ஒரு கிழமையைப் பிடித்து வைத்திருந்தாள். அதை அவள் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு வசந்திதான் சொன்னாள்.

"பிள்ளை இந்த வீட்டிலை இருக்கிற கடைசிக் குளிர்காலம். நீங்கள் என்னத்தை நினைச்சு மறிக்கிறியளோ எனக்குத் தெரியாது. ஆனா மறியாதேங்கோ."

மறுநாள் காலை நாங்கள் இருவரும் வழக்கம்போல் ஒரே ரயிலில் கார் து நோர் நிலையம் வரை போனோம். அவள் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டியிருந்தாள். இறங்கும்போது, வருகிறேன் என்றேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஒரு காதைத் திறந்து, "என்ன?" என்றாள். திரும்பவும் சொன்னேன்.

3

அதற்குப் பின் வீடு முழுக்க ஆயத்தம். ஆரபி எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவள். ரயில், பஸ், காப்புறுதி, மலையேறும் கம்பிக் கதிரைக்கு அட்டை, எங்கள் இருவருக்கும் மூன்று நாள் பயிற்சி. 'முதல் முறை வருகிறவர்கள்' என்ற கட்டத்தில் எனக்கும் வசந்திக்கும் புள்ளடி போட்டிருந்தாள். அதைப் பார்த்தும் நான் திருத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை என்னை மட்டும் விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைக்குக் கூட்டிப்போனாள். பனியில் நடக்கிற சப்பாத்து, கையுறை, காலுக்குத் தடித்த மேசு, உள்ளே போடுகிற கம்பளி உடுப்பு எல்லாம் வாங்க வேண்டும். விற்பனைப் பெண் இருபது வயதுப் பிள்ளை. என்னை ஒரு வாங்கில் இருத்தி, முழந்தாளிட்டு என் காலில் சப்பாத்தை மாட்டி, கட்டுகளை இறுக்கினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. என் கால்களை வேறு யாரும் தொட்டுப் பல காலம்.

"மிசியூ மலைக்கு முதல் தரம் போகிறாரா?" என்று அவள் கேட்டாள்.

ஆரபி எனக்காகப் பதில் சொன்னாள். "ஓம், முதல் தரம். இதுக்கு முன் மலையே பார்த்ததில்லை."

நான் பொய் சொல்லாமல் எத்தனையோ நாள் கழித்திருக்கிறேன், வாய் திறக்காமல் இருந்தே. அன்று ஏனோ வாய் திறந்துவிட்டது.

"இல்லை" என்றேன். "மூன்று குளிர்காலம் அங்கே இருந்தேன்."

ஆரபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். விற்பனைப் பெண் சிரித்து, "அப்படியானால் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, அடுத்த அளவை எடுக்கப் போனாள்.

"எங்கை இருந்தனீங்கள்?"

"நீ புக் பண்ணின ஊரிலைதான்."

அவள் என் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தாள். ஒரு காலில் புதுச் சப்பாத்து, மறு காலில் வெறும் மேசுடன் நான் இருந்தேன். சனிக்கிழமைக் கூட்டம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே சொல்லத் தொடங்கினேன்.

4

நான் வந்தபோது என் அகதி விண்ணப்பத்தை முதலில் நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம். வேலை செய்ய அனுமதி இல்லை. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் அறிமுகமான ஒரு அண்ணை தன்னுடைய வதிவிட அனுமதி கார்ட்டைத் தந்தார். அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் வேலை செய்தோம். படத்தில் இருப்பவருக்கும் எனக்கும் மீசை ஒன்றுபோல் இருந்தது, அவ்வளவுதான். அவர்கள் எங்களை உற்றுப் பார்ப்பதில்லை.

அவருடைய பெயர் நாகலிங்கம் குமார். அதாவது குமார் அவர், நாகலிங்கம் அவருடைய அப்பா. எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னால் எழுதுகிறோம். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே மூன்று குளிர்காலம் என்னை எல்லோரும் மிசியூ நாகலிங்கம் என்று கூப்பிட்டார்கள்.

மலையூரில் பெரிய ஓட்டல் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. பிளோஞ் என்பார்கள். மார்கழியில் போனால் சித்திரையில்தான் திரும்புவது. நிலத்தின் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் நான்கு பேர் படுத்தோம். எங்கள் தலைக்கு மேலேதான் விருந்தினர் சறுக்குச் சப்பாத்துகளை மாட்டும் இடம். விடிந்தவுடன் அந்தக் கனத்த சப்பாத்துகள் டக் டக் என்று நடக்கத் தொடங்கும். நாங்கள் எழும்புவோம். மலை என்று ஒன்று வெளியே இருக்கிறது என்பதைக் குப்பை கொட்டப் போகும்போது பார்ப்பேன்.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் அப்பா இறந்தார். ஊரோடு தொலைபேசித் தொடர்பு இல்லாத நாள்கள். அக்கா எழுதிய கடிதம் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மாமா பாரிஸில் இருந்த என் சிநேகிதனுக்கு அறிவித்து, அவன் ஓட்டலின் நம்பரைத் தேடிப் பிடித்து எனக்குச் சொன்னபோது, பதினேழு நாள் கடந்திருந்தது. இடம்பெயர்ந்து போன இடத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அவர் உயிர் போயிருக்கிறது. நான் ஒரே ஆண்பிள்ளை. கொள்ளி வைத்தது அத்தான்.

பதினேழு போனால் மிச்சம் பதினான்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையாவது பாரிஸுக்குப் போய், ஐயரை வைத்து, முறையாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள் லீவு போதும். ஓட்டல் பொறுப்பாளரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். பெப்ரவரி விடுமுறைக் கூட்டம், என்றாலும் தகப்பன் சாவுக்கு லீவு உண்டு, கணக்காளருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"உங்கள் தந்தையின் பெயர் மிசியூ நாகலிங்கம், அப்படித்தானே? இறப்புச் சான்றிதழைப் பிறகு அனுப்பலாம்."

நாகலிங்கம் என்பவர் மட்டக்களப்பில் உயிரோடு இருந்தார். அவருடைய மகனின் கார்ட்டைத்தான் நான் வைத்திருந்தேன். அந்த மனிதரை நான் எப்படிச் சாகடிப்பது? சான்றிதழுக்கு எங்கே போவது? விஷயம் வெளியே வந்தால் கார்ட் தந்த அண்ணைக்கு என்ன நடக்கும்? எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்தது. அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்து ஒரு வசனம் சொன்னேன்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று ஆரபி கேட்டாள்.

சொன்னேன். "செ பா மோன் பேர். செத் அன் வுவாசன்."

என் அப்பா இல்லை. ஒரு பக்கத்து வீட்டுக்காரர்.

என் பிரெஞ்சு உச்சரிப்பைத் திருத்துவது ஆரபியின் சிறுவயதுப் பழக்கம். அன்று அவள் திருத்தவில்லை.

பொறுப்பாளர் பேனையை மூடினார். கொஞ்சம் குழம்பிப்போய்ப் பார்த்தார். பிறகு, "ஆ, எனக்குச் சரியாக விளங்கவில்லை போல" என்று மரியாதையாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் செத்தால் லீவு இல்லை. நான் கீழே இறங்கிப் போய்க் கோப்பை கழுவினேன்.

இந்த இடத்தில் மகளுக்கு இன்னொன்றும் சொன்னேன். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளில், கொழும்புக்குப் போகும் வழிச் சோதனைச்சாவடியில் என்னை வரிசையிலிருந்து இழுத்து நிறுத்தினார்கள். இளம் பெடியன்களைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். வழியனுப்பக் கூட வந்த அப்பா தடையைத் தாண்டி ஓடிவந்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது. யாரிடமோ கேட்டு இரண்டே சொல் பாடமாக்கி வைத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, துவக்கு நீட்டிக்கொண்டிருந்த இராணுவக்காரனிடம், "மகே புதா, மகே புதா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்ரை மகன், என்ரை மகன். கையை விடவே இல்லை. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு எங்களை விட்டார்கள்.

அவர் எனக்காகத் தெரியாத பாஷையில் சொன்ன வசனம் அது. நான் அவருக்காகத் தெரியாத பாஷையில் சொன்னது இது.

5

விற்பனைப் பெண் நாற்பத்திரண்டாம் அளவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்து, சத்தமில்லாமல் விலகிப் போனாள்.

"முப்பத்தொண்டு என்ன செய்தனீங்கள்?" என்று ஆரபி கேட்டாள். முப்பத்தொன்று என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியம். வசந்தியின் தாய் இறந்தபோது பார்த்திருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் இடையில் எங்களுக்கு மூன்று மணித்தியாலம் ஓய்வு. அன்று சமையலறையில் கேட்டு ஒரு கிண்ணம் சோறு எடுத்தேன். பாண் சுடும் பகுதியில் எள்ளு இருந்தது. ஒரு பிடி எடுத்தேன். தர்ப்பை இல்லை. ஓட்டலின் பின்னால் ஒரு சிற்றாறு ஓடும் என்று தெரியும். போய்ப் பார்த்தால் அது ஓடவில்லை. மேலே முழுக்க உறைந்து, பனி மூடிக் கிடந்தது. கையிலே பிண்டச் சோற்றை வைத்துக்கொண்டு எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றேன். வேலைக்குப் போடும் துணிச் சப்பாத்துத்தான் காலில். பாதம் விறைத்துப் போனது.

ஓட்டலில் அறைகள் துப்புரவு செய்யும் மரியா என்ற போர்த்துக்கல் பெண், ஐம்பது வயதிருக்கும், சிகரெட் பிடிக்க வெளியே வந்தவள் என்னைக் கண்டுவிட்டாள். கிட்ட வந்து என் கையைப் பார்த்தாள். நெற்றியில் திருநீற்றைப் பார்த்தாள்.

"யார்?" என்று கேட்டாள். "அப்பாவா?"

பொறுப்பாளருக்குச் சொன்னதையே இவளுக்கும் சொன்னேன். ஒருதரம் சொன்னால் எல்லாருக்கும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். பனி அள்ளும் இரும்புச் சவளோடு திரும்பி வந்தாள். ஆற்றின் ஓரத்தில் நின்று ஓங்கி ஓங்கிக் குத்தினாள். ஐந்தாறு குத்தில் பனிக்கட்டி உடைந்து, அடியில் கறுப்பாகத் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. மூச்சு வாங்க, சவளை ஊன்றிக்கொண்டு, "அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும்" என்றாள்.

முழந்தாளிட்டு, தெரிந்த தேவாரத்தில் நினைவு வந்த இரண்டு அடியைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டத்தைத் தண்ணீரில் விட்டேன். ஒரு பிடி சோற்றைப் பனியின் மேல் வைத்தேன். மலையில் காகம் இருக்காது என்று நினைத்தேன். காகம் போலவே கறுப்பாக, ஆனால் மஞ்சள் அலகோடு ஒரு பறவை வந்தது. சாப்பிட்டது. மரியா தன் வழக்கப்படி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டாள். ஐந்தரை மணிக்கு நான் திரும்பவும் தொட்டிக்கு முன்னால் நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. 'தம்பி, முப்பத்தொண்டு முறையாய்ச் செய்தனியோ? அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா.' பாரிஸ் கோயிலில், ஐயரை வைத்து, பத்துப் பேருக்குச் சாப்பாடும் குடுத்துச் செய்தேன் என்று எழுதினேன். அம்மா அதைக் கேட்டு அழுதாவாம், ஆறுதலில். அதற்குப் பிறகு எனக்கு உண்மையைச் சொல்லும் வழி இல்லாமல் போயிற்று. அம்மாவும் இப்போது இல்லை.

6

ஆரபி அழவில்லை. குனிந்து என் காலிலிருந்த புதுச் சப்பாத்தின் கட்டுகளைக் கழற்றினாள். அவளுக்கு வருகிற தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா, என்ரை பேர் தம்பிமுத்து ஆரபி. பள்ளிக்கூடத்திலை ஒவ்வொரு நாளும் டீச்சர் 'தம்பிமுத்து' எண்டு கூப்பிடுவா. நான் ஓம் எண்டு கை தூக்குவன். அது அப்புவின்ரை பேர்தானே? அவரின்ரை பேருக்கு நான் எத்தினை தரம் ஓம் சொல்லியிருப்பன்."

எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்த பிறகு என் சொந்தப் பெயரில் கார்ட் எடுத்தபோது, அரச அலுவலகமான பிரிபெக்சரில் ஒரு பெண் 'மிசியூ தம்பிமுத்து' என்று கூப்பிட்டாள். அப்பாவைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆரபிக்கும் அன்று சொல்லவில்லை.

"இடத்தை மாத்தட்டே? வேறை மலை பாக்கலாம். இல்லாட்டி கான்செல் பண்ணலாம்."

"வேண்டாம்" என்றேன். "அங்கையே போவம்."

நாற்பத்திரண்டாம் அளவு சரியாக இருந்தது. தடித்த மேசோடு ஒரு அளவு கூட வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அன்று வீட்டில் வசந்திக்கும் சொன்னேன். வசந்தி முழுவதையும் கேட்டாள். "மச்சாளுக்குச் சொல்லுங்கோ" என்றாள். அவளுக்கு வேறு கருத்து இருக்கவில்லை.

ஞாயிறு காலை அக்காவுக்குப் போன் எடுத்தேன். அக்காவுக்கு இப்போது அறுபத்தாறு வயது. ஊரில் தனியாகத்தான் இருக்கிறா. அத்தான் காலமாகிவிட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு சத்தமும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து, "அக்கா?" என்றேன்.

"அம்மா சாகும்வரைக்கும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ. என்ரை பெடியன் பாரிசிலை ஐயரை வைச்சுச் செய்தவன் எண்டு. அப்பாவைப் போய் அயலட்டை எண்டு சொல்லியிருக்கிறாய். எப்பிடியடா வாய் வந்தது?"

போனை வைத்துவிட்டா.

திங்கள் எடுத்தேன். எடுக்கவில்லை. செவ்வாய், புதன். செய்திகளை வாசிக்கிறா என்று திரை காட்டியது. பதில் இல்லை. ஆரபி தன் பட்டியலில் ஒன்றையும் முன்னே கொண்டுபோகாமல் நிறுத்தி வைத்திருந்தாள். பயிற்சிக்குப் பதிவு செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

7

வியாழன் மத்தியானம் அக்காவே எடுத்தா. நான் கடையில் நின்றேன். மதியக் கூட்டம். ஒரு தாய்க்கு மீன் டின் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், மன்னிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கிய இடத்துக்குப் போனேன்.

"தம்பி, எள்ளு இருந்தது எண்டு சொன்னனி."

"ஓம் அக்கா."

"தர்ப்பை?"

"இல்லை."

"தண்ணியிலைதானே விட்டனி? பனிக்கு மேலை வைச்சிட்டு வரேல்லையே?"

"தண்ணியிலைதான். மரியா உடைச்சுத் தந்தவ."

"அந்தப் பறவை சாப்பிட்டதோ? வடிவாய்ப் பாத்தனியோ?"

"சாப்பிட்டது அக்கா. முழுக்கச் சாப்பிட்டது."

அக்கா மூச்சு விடும் சத்தம் கேட்டது. அங்கே எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது. வாசலில் நின்று கதைக்கிறா போல.

"அத்தான் கொள்ளி வைச்சவர்தான். எண்டாலும் அப்பா உன்னைத் தான் பாத்துக்கொண்டிருந்தவர். அதுதான் எனக்குக் கோவம்" என்றா. "நாலு நாளா யோசிச்சன். அப்பிடிச் சொல்லாமல் உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பியிருப்பாங்களோ?"

"தெரியாது அக்கா. சில நேரம் அனுப்பியிருக்கலாம். சில நேரம் ஒண்டும் நடந்திராது."

"அனுப்பியிருந்தால் நீ இப்ப இல்லை. அப்பா பிடிச்ச கையை நானும் விட ஏலாது." பிறகு, "அண்டைக்கு நீ சாப்பிட்டனியோ?" என்று கேட்டா.

"எண்டைக்கு?"

"முப்பத்தொண்டண்டு. படைச்சுப் போட்டுச் சாப்பிட்டனியோ?"

யோசித்துப் பார்த்தேன். ஆற்றங்கரையிலிருந்து நேரே வேலைக்குப் போனது நினைவிருந்தது. அன்று இராச் சாப்பாட்டுக்கு இருநூறு பேர். எங்களுக்கு வைக்கிற சாப்பாட்டில் அன்று மாட்டிறைச்சி. தொடவில்லை.

"இல்லை அக்கா. சாப்பிடேல்லை."

"அப்ப உன்ரை விரதம் இன்னும் முடியேல்லை." அக்காவின் குரல் மாறிவிட்டது. அம்மா வீட்டில் வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும்போது வருகிற குரல். "அங்கை போறியள்தானே? போற இடத்திலை அடுப்பு இருக்கோ?"

"இருக்கும். சமைக்கிற அறையும் இருக்கெண்டு ஆரபி சொன்னவள்."

"அப்ப அங்கையே சமை. அப்பாவுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி விருப்பம். பயத்தம்பணியாரம் வசந்தி வீட்டிலையே சுட்டுக் கொண்டு போகட்டும். பிள்ளை அப்புவின்ரை படத்தைக் கொண்டு போகட்டும். படைச்சு, மூண்டு பேருமா இருந்து சாப்பிடுங்கோ. அதோடை முடி. விளங்குதோ?"

"விளங்குது அக்கா."

"பிள்ளையைப் பனியிலை விழாமல் பாத்துக்கொள். நீயும் ஓடித் திரியாதை. உனக்கு வயசு போட்டுது." அதைச் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தையும் கூட்டாமல் போனை வைத்தா. அக்கா எப்போதும் அப்படித்தான். ஆனால் இந்தமுறை அது கோபத்தில் இல்லை.

அன்று பின்னேரம் கடையிலிருந்து ஒரு கிலோ வெள்ளைக் கத்தரிக்காய், தேங்காய்ப் பால் டின், உழுத்தம் பருப்பு, வாழையிலை ஒரு கட்டு எல்லாம் எந்த நாளில் எடுத்தால் வாடாமல் இருக்கும் என்று முதலாளியிடம் கேட்டு வைத்தேன். பனிமலைக்கு வாழையிலை கொண்டுபோகிற ஆளை அவர் முதன்முதல் காண்கிறார். சிரித்துவிட்டு, புறப்படும் காலையில் வந்து எடு, புதுசாக வரும் என்றார்.

வீட்டில் வசந்தியும் ஆரபியும் மேசையில் இருந்தார்கள். அக்கா சொன்னதைச் சொன்னேன். வசந்தி எழுந்து போய்ப் பயறு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். ஆரபி கணினியைத் திறந்து, அந்த அப்பார்த்மோனின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மலை தெரிகிற ஜன்னல், மரக் கட்டில், சறுக்குப் பலகை வைக்கும் இடம். கடைசியில் சமையல் மூலை வந்தது. அதைப் பெரிதாக்கி, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு அடுப்புத்தான் அப்பா இருக்கு. மூண்டு பேருக்குச் சமைக்கக் காணுமே?"

குனிந்து பார்த்தேன். சின்ன மின்னடுப்பு, பக்கத்தில் ஒரு தொட்டி, அதற்கு மேலே ஒரு ஜன்னல்.

"காணும்" என்றேன்.